அந்நியர் கட்டிய அறைகள்

1993 டிசம்பர் 10, வெள்ளி

டூம் விளையாட்டின் இலவசப் பகுதி விஸ்கான்சின் பல்கலைக்கழக சர்வரில் ஏறிய நாள். காத்துக் கிடந்த கூட்டம் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, சர்வர் படுத்துவிட்டது. விளையாட்டைச் செய்தது டெக்சாஸ் மாநிலத்து மெஸ்கீட்டில் இருந்த இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு குழு.

அந்த அமளியில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. விளையாட்டை ஓட்டும் நிரல் தனியாகவும், அறைகள், சுவர்ப்படங்கள், அரக்கர்கள், ஓசைகள் எல்லாம் அடங்கிய ‘வாட்’ ஃபைல் தனியாகவும் வந்தன. இட் குழுவின் நிரலாளர் ஜான் கார்மாக் வேண்டுமென்றே செய்த பிரிவினை இது. முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் ரசிகர்கள் மூல ஃபைல்களின் மேலேயே எழுதி மாற்றங்கள் செய்தார்கள். வில்லனின் இடத்தில் குழந்தைகள் தொலைக்காட்சியின் ஊதா நிற டைனோசர் பார்னியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களும் உண்டு. அப்படி மாற்றினால் பழைய விளையாட்டு அழிந்துபோகும். டூமில் எதையும் அழிக்க வேண்டாம். புது ஃபைலைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஊரார் கையில் இப்படிச் சாவியைக் கொடுப்பதா என்ற தயக்கம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. இருந்தும் கொடுத்தார்கள்.

1994 ஜனவரி 26

ஏழு வாரம்கூட ஆகவில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து பிரெண்டன் வைபர், டிஇயு என்ற லெவல் எடிட்டரை வெளியிட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபாயேல் கினே பின்னர் அதை வளர்த்தெடுத்தார். இருவரும் இட் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்.

எடிட்டரில் தெரிவது மேலிருந்து பார்க்கும் வரைபடம். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, கோடுகள் சூழ்ந்த இடத்துக்குத் தரை 0, கூரை 128 என்று எண்கள் கொடுத்தால் அறை எழும்பிவிடும். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறையை வைக்க எஞ்சின் இடம் தராது. எங்காவது ஒரு சுவருக்குப் படம் கொடுக்க மறந்தால் முந்தைய காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டு அந்த இடம் நடுங்கும். லெவல் கட்டுபவர்கள் ‘ஹால் ஆஃப் மிரர்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். வரைந்து முடித்தாலும் வேலை முடியாது. நோட் பில்டர் என்ற வேறொரு நிரலை ஓடவிட்டு, 386, 486 கம்ப்யூட்டர்கள் கணக்குப் போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

1994 மார்ச் 7

ஜெஃப்ரி பேர்ட் என்பவரின் ‘ஆரிஜ்வாட்’ வந்தது. இரண்டு அறைகள், நடுவே ஒரு கதவு. டூமுக்கென்று வெளியான முதல் ரசிகர் லெவலாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். விளையாடி முடிக்க அதிக நேரம் ஆகாது. அந்தக் கதவு திறந்ததே பெரிய சேதி.

1994, ஆண்டு முழுக்க

இன்று ஐம்பதை நெருங்கும் ரசிகர்களைப் பேசவிட்டால், பெரும்பாலும் முதலில் சொல்வது ஏமாற்றத்தைத்தான். மோடம் வழியே மணிக்கணக்கில் இறக்கிய லெவலை ஆசையாக ஓட்டிப் பார்த்தால், இலவசப் பதிப்பில் இது ஓடாது, பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று திரை கறாராகச் சொல்லிவிடும். முழு விளையாட்டு வைத்திருக்கும் நண்பனின் வீட்டுக்கு ஃபிளாப்பியோடு போக வேண்டியதுதான்.

அங்கே டாஸ் திரையில் டூம் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு, ‘ஃபைல்’ என்று சேர்த்து, பிறகு லெவலின் பெயர். என்டர் தட்டியதும் அதே முதல் லெவலின் பாட்டு, கையில் அதே துப்பாக்கி, ஆனால் முன்னால் நிற்பது பார்த்தறியாத சுவர். அந்தக் கணத்தைத்தான் அவர்கள் மறக்கவில்லை. பழகிய இம்ப் அரக்கனே யாரோ முன்பின் தெரியாத ஆள் வைத்த மூலையிலிருந்து பாய்ந்து வருகிறது.

அந்த ஆள் யார் என்று சொன்னது லெவலோடு வந்த டெக்ஸ்ட் ஃபைல். தலைப்பு, செய்தவர் பெயர், மின்னஞ்சல், எந்த எடிட்டர், கட்ட எவ்வளவு நேரம் பிடித்தது, தெரிந்த கோளாறுகள் என்னென்ன, இதை வைத்துப் பிறர் புது லெவல் கட்டலாமா கூடாதா... எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி இருக்கும். மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் நிரப்பிய படிவம் அது. இந்தச் சிறிய ஃபைலுக்கு லெவலுக்கு நிகரான மதிப்பு உண்டு. அதைப் படித்தபோதுதான் பலருக்கு, செய்தவரும் தம்மைப் போன்ற ஒருவர்தான், தாமும் செய்யலாம் என்று உறைத்தது.

செய்தார்கள். கைக்கு முதலில் வந்தது பெரும்பாலும் சொந்த வீடு அல்லது படித்த பள்ளி. கழிவறை நியாயத்துக்கு மீறி அகன்றிருக்கும், கட்டில் வெறும் உயர்ந்த செவ்வகமாக இருக்கும். அவற்றைக் கேலி செய்வது எளிது. ஆனால், தான் வாழும் அறையைத் திரையில் நடந்து பார்த்த முதல் தலைமுறை அவர்கள்.

மறுமுனையில், அதே ஆண்டின் பின்பாதியில் ஜஸ்டின் ஃபிஷர் ‘ஏலியன்ஸ் டிசி’யைக் கொண்டுவந்தார். விளையாட்டின் தோலையே உரித்து ‘ஏலியன்ஸ்’ திரைப்படத்தின் உலகை அணிவித்த வேலை. முதல் லெவலில் எதிரியே கிடையாது. சுடுவதற்கென்றே பிறந்த விளையாட்டில் ஒன்றும் வராத நடையை வைத்து ஆட்களை வியர்க்க வைத்தார்.

1995

சிடி காலம். இணையத்தில் இலவசமாகக் கிடந்த லெவல்களை நூற்றுக்கணக்கில் வாரியெடுத்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். செய்தவர்கள் பலரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசம்பரில் இட் நிறுவனமே ‘மாஸ்டர் லெவல்ஸ்’ என்று இருபது லெவல்களை உரிய முறையில் வாங்கி வெளியிட்டது. கூடவே, இணையத்திலிருந்து திரட்டிய 1,800-க்கும் மேற்பட்ட வாட் ஃபைல்களையும் அதே பெட்டியில் சேர்த்தது. மோடம் இல்லாத வீடுகளுக்கு இந்த சிடிக்கள்தான் வாசல். அந்த நன்றியை ரசிகர்கள் மறைப்பதில்லை. நன்றி ஒருபுறம் இருக்க, கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான்.

1996 ஜூன் 17

‘ஃபைனல் டூம்’ கடைக்கு வந்தது. அதில் ஒரு பாதி, டீம் டிஎன்டி என்ற ரசிகர் குழு இலவசமாக வெளியிடவிருந்த வேளையில் இட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மறுபாதி டேரியோ, மைலோ கசாலி என்ற சகோதரர்கள் கட்டியது. இன்றும் பழுத்த ஆட்டக்காரர்களையே பெருமூச்சு விட வைக்கும் லெவல்கள். டேரியோ அடுத்து வால்வ் நிறுவனத்தில் ‘ஹாஃப்-லைஃப்’ கட்டப் போனார்.

1998 செப்டம்பர்

டூமின் பங்காளியான ‘டியூக் நியூகெம் 3டி’யின் 300 ரசிகர் லெவல்களை சிடியாக விற்ற மைக்ரோ ஸ்டார் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அங்கே காக்கப்பட்டது விளையாட்டு நிறுவனத்தின் உரிமை. அந்த 300 லெவல்களைக் கட்டியவர்கள் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

2023 மார்ச் 3

டூமின் மூல நிரலை 1997 டிசம்பரிலேயே கார்மாக் பொதுவில் விட்டிருந்தார். அதிலிருந்து ரசிகர்கள் வளர்த்த எஞ்சின்கள் பழைய தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தன. அந்த வளர்ச்சியின் மேல் நின்று வந்தது ‘மைஹவுஸ்’. இறந்துபோன பால்ய நண்பனின் ஃபிளாப்பியில் கிடைத்த மேப், அதைச் சற்றே சீர்செய்தேன் என்கிறது அதை வெளியிட்டவரின் குறிப்பு. நுழைந்தால் 1994-இல் ஆயிரம் பேர் கட்டிய அதே சொந்த வீடு. கொஞ்ச நேரத்தில் கதவுகள் இடம் மாறுகின்றன, மாடி இருக்கக்கூடாத இடத்தில் மாடி இருக்கிறது, பாட்டு பிசகுகிறது. குறிப்பில் வந்த நண்பனும் கதையின் உறுப்பு என்று பிறகு புரிகிறது. முப்பது ஆண்டு ரசிகர் பழக்கம் தெரிந்தவரால் மட்டுமே இப்படி ஏமாற்ற முடியும்.

2024 ஆகஸ்ட் 8

டூம், டூம் 2 இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்து வெளியிட்டார்கள். விளையாட்டுக்குள்ளேயே ரசிகர் லெவல்களைத் தேடி எடுக்கலாம், ஏற்றலாம். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் அந்தப் பார்த்தறியாத சுவர் இப்போது கிடைக்கும். அருமையான காரியம். ஆனால் சில நாள்களிலேயே, பிறர் கட்டியதைத் தம் கணக்கிலிருந்து ஏற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கட்டியவர்கள் தாங்களே புகார் செய்து பெயரை மீட்க வேண்டியதாயிற்று. 1994-இன் டெக்ஸ்ட் ஃபைலில் செய்தவர் பெயருக்கென்று ஒரு வரி இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தாமலே எல்லோரும் அதை நிரப்பினார்கள். புதிய பட்டியலில் ஏற்றியவரின் பெயருக்கு இருக்கும் இடம் கட்டியவரின் பெயருக்கும் கட்டாயம் வேண்டும்.