சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது யார்?

மரம் நடுதல் நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பள்ளி ஆண்டு விழாவாயினும், சங்கங்களின் வெள்ளி விழாவாயினும், பெரியோர் ஒருவரது பிறந்த நாளாயினும், ஒரு மரக்கன்றேனும் நடாமல் நாம் நிகழ்ச்சியை முடிப்பதில்லை. ஆனால் நட்ட கன்று அடுத்த ஆண்டும் அவ்விடத்தில் நிற்கிறதா என்று சென்று பார்ப்போர் மிகச் சிலரே. நடுவது அரை நாள் வேலை. வளர்ப்பதோ மூன்று கோடைகளின் வேலை. எங்கள் பகுதிப் பூங்காவில் மரம் வைப்பதற்கெனக் கூடிய தன்னார்வக் குழுவில் குறிப்பேடு எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கோவை நகரம் வளர்ந்த வேகத்தில் நாம் இழந்தவற்றுள் நிழலும் ஒன்று. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இங்கே நடைபெற்றது. அதற்கெனச் சாலைகள் அகலமாயின. அவிநாசி சாலையில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் பல வீழ்ந்தன. மாநாட்டின் நினைவாக அறிவிக்கப்பெற்ற செம்மொழிப் பூங்கா, காந்திபுரத்தில் மத்தியச் சிறைக்குரிய நிலத்தில் எழுந்து, 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் பெரும் பூங்காக்களை அரசு பேணும். நம் தெருமுனையில் உள்ள சிறு பூங்காவை யார் பேணுவார்?

பெரிய வீட்டுமனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுப் பயனுக்கென ஒதுக்க வேண்டும் என்பது விதி. இதைத்தான் நம் ஊரில் 'ரிசர்வ் சைட்' என்கிறோம். சில இடங்களில் அது குழந்தைகள் விளையாடும் பூங்காவாகத் திகழ்கிறது. சில இடங்களில் குப்பைமேடாகவும் கருவேலங்காடாகவும் கிடக்கிறது. எங்கள் ரிசர்வ் சைட்டின் பரப்பு 30 சென்ட். சுற்றுச்சுவரும் இரண்டு ஊஞ்சல்களும் இருந்தன. நிழல் மட்டும் இல்லை. காலை பத்து மணிக்கு மேல் அங்கே ஒருவரும் அமர இயலாது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், இல்லத்தரசிகள் நால்வர் இருந்தனர். கோயிலுக்குச் செல்வோர், ஆலயத்திற்குச் செல்வோர், பள்ளிவாசலுக்குச் செல்வோர் ஆகிய எல்லாரும் அதில் இருந்தனர். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே எதையும் தொடங்குவது என்று முதற் கூட்டத்திலேயே தீர்மானித்தோம்.

இரண்டாம் கூட்டத்தில்தான் கருத்து வேறுபாடு தோன்றியது. மாணவருள் ஒருவர் மிகுந்த ஆர்வத்தோடு ஒரு கொடையாளரைக் கண்டு பேசி வந்திருந்தார். ஜூலை முதல் வாரத்தில் 200 கன்றுகள் வந்திறங்கும். மேடை, ஒலிபெருக்கி, சிற்றுண்டிச் செலவு முழுவதும் கொடையாளருடையது. கேட்டவர் அனைவரும் மகிழ்ந்தனர். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி மெல்ல வினவினார்: "ஏங் கண்ணு, நட்டுப்போட்டு எல்லாரும் போயிருவீங்க. சித்திரை வெயில்ல தண்ணி ஆரு ஊத்தறது?"

அவ்வினாவுக்கு உடனே விடை கூற எவராலும் இயலவில்லை. அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களின் போக்கே மாறிற்று.

முதலில் எண்ணிக்கையைக் கணக்கிட்டோம். 30 சென்ட் என்பது ஏறத்தாழ 13,000 சதுர அடி. நிழல் மரங்களுக்கு 20 அடி இடைவெளி வேண்டுமாயின், ஒரு மரத்திற்கு 400 சதுர அடி தேவை. முழு நிலத்தையும் மரத்திற்கே கொடுத்தாலும் 32 மரங்களுக்கு மேல் இடமில்லை. ஊஞ்சலுக்கும் நடைபாதைக்கும் ஒதுக்கியது போக 24 மரங்களே எஞ்சின. இருநூறு கன்றுகளையும் நட்டால் அவை ஒன்றையொன்று நெருக்கி மெலியும். இன்றேல் முக்காற்பங்கு மடியும் என்று மில் தொழிலாளர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார்.

அடுத்து நாளைக் குறித்து ஆராய்ந்தோம். ஜூலை முதல் வாரத்தில் மரம் நடும் வழக்கம், அன்றைய மத்திய உணவு வேளாண்மை அமைச்சர் கே. எம். முன்ஷி 1950-ஆம் ஆண்டில் நாடெங்கும் கொண்டாடச் செய்த 'வன மகோற்சவ'த்திலிருந்து வந்தது. தென்மேற்குப் பருவமழை பெருமழையாகப் பொழியும் பகுதிகளுக்கு அது பொருத்தமான காலமே. நமக்கோ அம்மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் காற்றுத்தான் வீசுகிறது. மழை சாரலோடு நின்றுவிடுகிறது. கோவை நகரின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆடிப் பட்டம் விதைக்கும் உழவர்க்கு அச்சாரல் உதவும். வேரூன்றாத ஆறடிக் கன்றையோ ஆடிக் காற்று சாய்த்துவிடும்.

இதே எண்ணம் பிற நாட்டாருக்கும் தோன்றியிருப்பதைப் பள்ளி ஆசிரியை எடுத்துக் கூறினார். சிங்கப்பூரில் லீ குவான் யூ 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு மரத்தை நட்டு அந்நாட்டின் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1971 முதல் அங்கே ஆண்டுதோறும் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டபோது, அதற்கு நவம்பர் மாதத்தைத் தேர்ந்தனர். அப்போதுதான் அங்கே மழைக்காலம் தொடங்குகிறது. கன்றுகளுக்கு ஊற்றும் நீர் மிச்சமாகிறது. நாமும் ஐப்பசியையே தேர்வோம் என்று முடிவாயிற்று.

எந்த மரம் என்னும் கேள்வியும் எளிதாக இருக்கவில்லை. விரைவில் பச்சையாகிவிடும் என்று சிலர் கோனோகார்பஸைப் பரிந்துரைத்தனர். அமெரிக்கக் கடற்கரைப் பகுதியிலிருந்து வந்த அம்மரத்தை நடுவதற்குக் குஜராத் அரசு 2023-ஆம் ஆண்டில் தடை விதித்தது நினைவூட்டப்பட்டது. மயிற்கொன்றை கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் கிளைகள் காற்றில் எளிதாக முறிபவை, குழந்தைகள் ஆடும் இடத்திற்கு ஆகா. இறுதியில் வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நீர்மருது ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தோம். நாவல் இரண்டு போதும் என்றும், பழக்கறை படியாதவாறு நடைபாதைக்கு அப்பால் வைப்பது என்றும் இல்லத்தரசிகள் கூறியதை அனைவரும் ஏற்றனர். பூங்கா முழுவதும் தரைக்கல் பதிக்க வேண்டும் என்றவர்களிடம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில், டில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்றுமாறு ஆணையிட்டதை எடுத்துரைத்தோம். வேரும் மூச்சுவிட வேண்டுமன்றோ!

மூதாட்டியின் வினாவுக்கு விடையாக 24 மரங்களுக்கு 24 குடும்பங்கள் பொறுப்பேற்றன. ஒரு கன்றுக்கு ஒரு முறைக்கு இரண்டு குடம். கோடையில் வாரம் இரு முறை. சிறுவாணித் தண்ணீரைத் தொடுவதில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும், அரிசி, காய்கறி கழுவிய நீரும் போதும். மே மாதத்தில்தான் பள்ளி விடுமுறை. வெயில் கொளுத்தும் அம்மாதத்திலேயே குடும்பங்கள் சொந்த ஊருக்குச் செல்கின்றன. ஆகவே ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு மாற்றுக் குடும்பத்தின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதினோம்.

இம்முடிவுக்கு நாங்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மேடையும் விழாவும் இல்லை என்றதும் கொடையாளர் விலகிக்கொண்டார். அவரை அழைத்து வந்த மாணவர் மனம் வருந்திக் கூட்டத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டார். நல்லெண்ணத்தோடு உழைத்த ஓர் இளைஞரின் உள்ளம் புண்பட்டது எங்களுக்குப் பெருங்கவலையாயிற்று. ஐப்பசியில் குழி தோண்டித் தொழுவுரமும் செம்மண்ணும் இட்டு, கன்றின் பாலித்தீன் பையைக் கிழித்தெறிந்து நட்டு, மூங்கிற்கழியோடு சணற்கயிற்றால் கட்டினோம். அன்றும் அவர் வரவில்லை. பங்குனியில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகிப் பல நாள் தண்ணீர் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டி வீடு வீடாகச் சென்று கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போது இரு பக்கமும் கேன்கள் கட்டிய மோட்டார் சைக்கிளில் அம்மாணவர் வந்தார். தம் வீட்டுக் கிணற்று நீரை நாள்தோறும் மாலையில் கொண்டுவந்து ஊற்றினார். எவரும் அவரிடம் பழைய பேச்சை எடுக்கவில்லை. மூதாட்டி மட்டும், "வா கண்ணு, மோர் குடிச்சுப்போட்டு ஊத்து" என்றார். அக்கோடையில் மூன்று கன்றுகள் பட்டுப்போயின. அவற்றுக்கு ஈடாக அடுத்த மழையில் வேறு மூன்று வைத்தோம்.

தனி மனிதரின் பற்று எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்குக் கோவையிலேயே சான்று உண்டு. அரசுப் பேருந்து நடத்துநராகப் பணியாற்றியவாறே தம் ஊதியத்தில் கன்றுகள் வாங்கி வழங்கியவர் மாரிமுத்து யோகநாதன். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாத வானொலி உரையில் நாட்டின் பிரதமரே அவரைப் பாராட்டினார். அவரைப் போன்றோர் தெருவுக்கொருவர் அமைவதில்லை. அதனால்தான் எளியவராகிய நமக்குக் குழு தேவைப்படுகிறது. ஒருவர் சோர்ந்தால் மற்றொருவர் குடத்தை எடுப்பார்.

தமிழகத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுவும் ஏற்பட்டுள்ளது. கன்று கிடைக்காத குறை இனி நமக்கு இல்லை. நிலத்தின் அளவு என்ன, மழை எப்போது வரும், மே மாதத்தில் ஊரில் இருப்பவர் யார் என்னும் மூன்றுக்கும் விடை எழுதிவைத்துக்கொண்டு கன்று கேட்கச் செல்வோமாக. அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் தெருவில் உள்ள ரிசர்வ் சைட்டை இன்று மாலையே ஒரு முறை குடும்பத்தோடு சென்று பார்த்து வாருங்கள்.