நாலு சக்கரத்தில் ஒரு குடித்தனம்

நியூசிலாந்தில் மூணு மாசமாக எங்கள் வீடு ஒரு பழைய டொயோட்டா ஹையேஸ் வேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும்; குனிந்தபடியேதான் தோசை. அங்கே கவுன்சில் இடங்களில் ஓசியில் தங்க, பொதுவாக வண்டிக்குள்ளேயே டாய்லெட் வேண்டும். 2023-ல் வந்த சட்டப்படி அதை அசையாமல் பொருத்தியிருக்கணும். படுக்கையை விரித்த பிறகும் உபயோகிக்க முடியணுமாம்! ஆக, என் தலைமாட்டில் அது.

ஹோகிடிக்காவில் விடாத மழை. ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது என்று சண்டை. கோபித்துக்கொண்டு போக அடுத்த ரூம் ஏது? மனைவி குடையோடு இறங்கி நடந்துவிட்டாள். செல்போன் படுக்கையில் கிடந்தது. ஒரு மணி நேரமாச்சு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போனால், திரும்பி வருகிறவள் வீட்டையே காணோமென்று நிற்பாளே! விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

தொப்பலாக வந்து ஏறினாள். "அந்தத் துண்டை எடுங்க" என்றாள்.