பிள்ளையாருக்கு வெல்வெட் மெத்தை!

மேற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு சாபம் உண்டு. அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ, எங்கே குடியிருந்தாலும் காலையில் ஆபீஸுக்குக் கிழக்கே போக வேண்டும்; சூரியன் நேரே மூஞ்சியில். சாயங்காலம் மேற்கே திரும்ப வேண்டும், மறுபடியும் மூஞ்சியில். மனை வாங்கிக் கொடுத்த புரோக்கர், 'ஸ்டேஷன் பக்கம் ஸார், தண்ணி இளநீர் மாதிரி' என்றாரே தவிர, இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

2012-ல் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். ஆபீஸில் ஏழு பேருக்கு ஸ்வீட் கொடுத்த கையோடு, டாஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது... ஜீராவில் ஊறிய குலாப் ஜாமூன் மாதிரி ஆகிவிட்டது! அதன் நடுவில் ஒரு பிள்ளையார்.

பக்கத்து ஸீட்டில் முதலில் உட்கார்ந்தவர் அப்பா. "கண்ணு கூசுதுடா" என்றார்.

அப்பாவுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. "புதுக் கண்ணு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மறுநாளும் சொன்னார். ஒரு மாதம் சொன்னார். "டாக்டர்கிட்ட காட்டிடலாம்பா" என்று ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு அருமையா இருக்கே!" என்றார்.

திரும்பி வரும்போது மணி ஐந்தரை. ஸி.டி.எச். ரோட்டில் திருமுல்லைவாயல் தாண்டியிருப்பேன். எதிரே வெயில். முன் கண்ணாடி முழுக்க டாஷ்போர்டின் பிம்பம். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை, அதற்குள் மங்கலாகப் பிள்ளையார்.

திடீரென்று அப்பா டாஷ்போர்டில் பட்டென்று அடித்தார். "பிரேக்!"

கால் தானாக அழுத்திவிட்டது. வண்டிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, கேரியரில் பள்ளிக்கூடப் பையனை வைத்துக்கொண்டு ஒரு சைக்கிள்காரர். பிள்ளையாரின் தொப்பைக்குப் பின்னால் அவ்வளவு நேரமும் போய்க்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பையன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு ஆவடி வரும்வரை முழங்கால் நடுங்கியது.

வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "எங்க பெயின்ட் ஷாப்புல இப்படி ஒரு பாலிஷ் போட்டிருந்தா, சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பாங்க."

அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது அங்கேதான். டாங்குக்குப் பூசும் பெயின்டில் பளபளப்பே இருக்கக் கூடாது. வெயிலில் ஒரு மினுக் தெரிந்தால் போதும், எதிரி குறி பார்த்துவிடுவான். ஆயுசு முழுக்க மினுமினுப்பை ஒழிப்பதையே உத்தியோகமாகச் செய்தவரிடம் போய், 'உங்க கண்ணுதான் சரியில்லை' என்று ஒரு மாதமாகச் சொல்லியிருக்கிறேன்.

பாலிஷைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். மினுமினுப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. அப்போதுதான் இருங்காட்டுக்கோட்டை கார் ரேஸ் பைத்தியமான ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார்: "ராலி கார்ல டாஷ்போர்டைப் பார்த்திருக்கீங்களா? கறுப்பு வெல்வெட் மாதிரி இருக்கும். அழகுக்கு இல்ல ஸார், வெயில் திருப்பி அடிக்காம இருக்க."

அதற்குப் பெயர் ஃப்ளாக்கிங். பெயர்தான் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. உங்கள் வீட்டு பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு, அது இதுதான். நகைக் கடை டப்பாவின் உள்பக்கமும் பெரும்பாலும் இதுதான். பசையைத் தடவி, அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத நைலான் இழைகளைத் தூவுகிறார்கள். இழைகள் நெல் நாற்று மாதிரி நெருக்கமாக நிற்கும். உள்ளே நுழைகிற வெளிச்சம் நாற்றுகளுக்கு நடுவே முட்டி மோதி அங்கேயே அடங்கிவிடும். டெலஸ்கோப் குழாய்க்குள்கூட இதை ஒட்டுகிறார்கள்.

நாற்றை நட்டுக்கொண்டு நிற்க வைப்பதுதான் வித்தை. தொழிற்சாலையில் பல்லாயிரம் வோல்ட் மின்புலத்தில் இழைகளை விடுவார்கள். ஒவ்வொன்றும் அம்பு போல நேரே போய்ப் பசையில் குத்திக்கொண்டு நிற்கும். நம்மிடம் ஏது பல்லாயிரம் வோல்ட்? இருக்கிறதே, கொசு பேட்! அதைப் பிரித்து, ஒரு வயரை டீ வடிகட்டியில் கட்டி, இன்னொன்றை ஈரப் பசையில் ஓர் ஆணிக்குக் கொடுத்தால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. வெளிநாடுகளில் பொம்மை ரயில் கட்டுகிறவர்கள் ரயிலுக்குப் பக்கத்தில் புல் முளைக்க வைப்பது இப்படித்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நகைப் பெட்டி செய்கிற ஒருவரிடம் அரைக் கிலோ கறுப்பு இழை வாங்கினேன். மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றிக் கொடுத்தார். (திருப்பி மாட்டியபோது மூன்று ஸ்க்ரூ மிச்சம். வழக்கம்தானாம்.) ஞாயிற்றுக்கிழமை ஹாலில் டாஷ்போர்டைக் கிடத்தி, ரப்பர் ஸொல்யூஷன் டின்னைத் திறந்து, கையில் கொசு பேட்டோடு நரசிம்ம அவதாரம் எடுத்தேன்.

"என்ன வாசனை அது?" – உள்ளேயிருந்து அப்பா.

"பசைப்பா."

வந்தார். டின்னைப் பார்த்தார். பேட்டைப் பார்த்தார். பேட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் எறிந்தார்!

"தின்னர் ஆவி கிளம்புது, அதுக்குப் பக்கத்துல பொறி விடுறியா? பேரப் பசங்க உள்ள தூங்குதுடா!"

நான் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு மாதத்தில் இரண்டாவது தடவை அந்த ஆள் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

அதற்கப்புறம் அப்பாதான் ஃபோர்மேன், நான் ஹெல்பர். தண்ணீரில் கரையும் பசை வந்தது; அதில் கறுப்பு கலக்கப்பட்டது – இழை விட்டுப்போன இடம் பல்லிளிக்காமல் இருக்க. 320 நம்பர் உப்புத்தாளால் டாஷ்போர்டை மங்கலாகத் தேய்த்தேன். கை பட்ட எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தேன். நேரே வேலையில் இறங்க விடவில்லை. முதலில் பக்கெட் மூடியில் செய்து காட்டச் சொன்னார். ஆவடியிலேயே வெல்வெட் மூடி போட்ட பக்கெட் எங்கள் வீட்டில் மட்டும்தான்.

இருவருக்கும் மூக்கில் துணி. இது விளையாட்டில்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு ஃப்ளாக் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டு, 1990-களில் டாக்டர்கள் அந்த வியாதிக்கு இந்தத் தொழிலின் பெயரையே வைத்தார்கள்.

பேட்டுக்குப் பதில் காலி பவுடர் டப்பா. அமுக்கினால் புஸ்ஸென்று இழை கிளம்பும். அப்பா ஒரு சாண் இடத்துக்குப் பசை தடவுவார். அது ஆடை கட்டுவதற்குள் நான் புஸ் புஸ். அவர் அடியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார், இழைகள் எழுந்து நிற்க. வேண்டியதற்கு இரண்டு பங்கு தூவ வேண்டும். மிச்சத்தைப் பிற்பாடு உதறி எடுத்துக்கொள்ளலாம்.

முக்கால்வாசி முடிந்தது. 2012-ல் சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் போயிருந்தபோது வேலையை ஆரம்பித்த நான், ஃபேன் ஸ்விட்சைக் கவனிக்கவில்லை. கரண்ட் வந்தது.

ஃபேன் தன் கடமையைச் செய்தது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஹாலில் இரண்டு கரடிகள் நின்றுகொண்டிருந்தன.

"மாமா... நீங்களுமா?" என்றாள் நொந்துபோய். மறுநாள் இட்லியில்கூட ஒரு மெல்லிய வெல்வெட்.

ஒரு நாள் முழுக்க யாரும் தொடக் கூடாது என்று அப்பா உத்தரவு. அப்புறம் பிரஷ்ஷால் மிச்சத்தைத் தட்டி எடுத்து, மாட்டி முடித்தோம். தொழிற்சாலை வெல்வெட் அளவுக்கு இல்லை. சில இழைகள் படுத்துத்தான் கிடந்தன. (உங்கள் வண்டி புதுசு என்றால் ஒரு வார்த்தை: ஏர்பேக் மூடியின்மேல் எதையும் ஒட்டாதீர்கள். என் 800-ல் அந்த வசதி கிடையாது; எனக்கு அப்பா இருந்தார்.)

அடுத்த சனிக்கிழமை, அதே ஐந்தரை மணி, அதே ஸி.டி.எச். ரோடு. எதிரே வெயில் அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் மட்டும் ஒன்றுமில்லை. ரோடு, லாரி, சைக்கிள்கள், பிளாட்பாரத்துப் பூக்காரம்மா... எல்லாம் அதனதன் இடத்தில்.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்பத்தூர் தாண்டியது, திருமுல்லைவாயல் தாண்டியது.

"பிள்ளையார் தும்பிக்கையில பஞ்சு ஒட்டியிருக்கு பாரு" என்றார்.

அந்த வண்டி இன்னும் இருக்கிறது. வெல்வெட்டும் இருக்கிறது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. இடப்பக்கம், எட்டணா அளவுக்கு வழுக்கை. சிக்னல் வருவதற்கு ஐம்பது அடி முன்னாலேயே அப்பா விரலால் தட்டுகிற இடம் அது.