கற்பிட்டிப் பாதையில் ஒரு காதல் கதை

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியால் சில மைல் வந்தால் பாலாவிச் சந்தி. அங்கே மேற்குப் பக்கம் திரும்பும் பாதைதான் கற்பிட்டிக்குப் போகிறது. பஸ் திரும்பியதும் காற்றில் உப்பு மணக்கும். பாத்தி பாத்தியாக உப்பளங்கள். அவற்றைத் தாண்டினால் தென்னந்தோப்புகளும் வெங்காயத் தோட்டங்களும் மிளகாய்த் தோட்டங்களும் கிடுகு வேலிகளும்தான். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. இரண்டுக்கும் நடுவில் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது இந்த மணல் நிலம்.

நுரைச்சோலையில் 2011ம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். தலவிலயில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா நடக்கும் மார்ச், ஓகஸ்ட் மாதங்களில் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. பாதையின் கடைசியில் கற்பிட்டி. அங்கே 1667ம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது.

இந்தப் பாதையின் இருமருங்கிலும் இன்னொரு வரலாறும் குடியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து தங்கினார்கள். மன்னாரிலிருந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று கிடுகுக் கொட்டில்களாக இருந்தவை பிறகு கல்வீடுகளாயின. சிலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். சிலர் இங்கேயே வேர்விட்டார்கள். பலருக்கு ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக வாழ்க்கை போகிறது.

இந்தப் பாதையால் நான் மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறேன். ஒரு தையல் நிலையத்தில் பின்னேரம் கூடும் பெண்களுடன் புத்தகம் வாசிப்பதற்காகத்தான் இந்தப் பயணம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கணவனை இழந்தவர்கள், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள், முகாமில் பிறந்து வளர்ந்த இளம் பெண்கள் எல்லோரும் அதில் அடக்கம். அவர்கள் விரும்பிக் கேட்பது காதல் நாவல்களைத்தான். ரமணிசந்திரனின் நாவல் ஒன்று கையிலிருந்தால் அது ஊர் முழுவதும் சுற்றி, அட்டை கிழிந்துதான் திரும்பி வரும்.

"யுத்தத்தில் இவ்வளவும் பட்ட பெண்களுக்குக் காதல் கதை எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு கதையாவது நல்லபடியாக முடிவதைப் பார்க்க ஒரு பெண் ஆசைப்படுவதில் என்ன பிழை இருக்கிறது?

ஒருநாள் எல்லோரும் போன பிறகு ஒரு சகோதரி மட்டும் நின்றார். கணவன் இறந்து பல வருடங்கள். கருவாட்டு வாடியிலும் வெங்காயத் தோட்டத்திலும் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். துணிப்பைக்குள்ளிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தார்.

"ரீச்சர், நானும் ஒரு கதை எழுதி வெச்சிருக்கன். காதல் கதைதான். ஆருக்கும் காட்டல்ல. காட்டினா இது இவட சொந்தக் கதையெண்டு சனம் சொல்லும். இதெல்லாம் புத்தகமா வருமா?"

அவருடைய கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் பதிலில் ஒரு பகுதி இந்தக் கரையிலேயே இருக்கிறது.

இந்தக் கரை கண்ட எழுத்துகள்

உலகம் சுற்றிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ம் ஆண்டு இலங்கையில் வந்து இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் துறை புத்தளம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அவருடைய பயண நூலை இன்று உலகமே படிக்கிறது. ஆனால் அந்த நூலை அவர் தன் கையால் எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355ம் ஆண்டில் அது நிறைவெய்தியது.

கற்பிட்டியில் 1807ம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்கள் ஏறக்குறைய 200 பேருடைய வரலாறுகளைத் தேடித் தொகுத்து, 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலாக 1859ம் ஆண்டில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் அச்சான நூல் அது. யாராவது ஒருவர் எழுதி வைத்தால்தான் பெயர் நிலைக்கும் என்பதை அறிந்த மனிதர் இந்த மணலில் பிறந்திருக்கிறார்.

இதை நான் சொன்னபோது அந்தச் சகோதரி கேட்டார். "அவங்கெல்லாம் படிச்ச ஆம்பிளைகள். எங்களப் போல பொம்பிளைகள்?"

கதை சொன்ன பெண்கள்

அப்படியும் பெண்கள் இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு வை.மு.கோதைநாயகி 1901ம் ஆண்டு பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்வதில் மட்டும் கெட்டிக்காரி. அவருடைய முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக் கொடுத்தார். அது அச்சில் வந்தது. பிறகு தானே எழுதப் பழகினார். 1925ம் ஆண்டில் 'ஜகன்மோகினி' என்ற மாத இதழைப் பொறுப்பேற்று நடத்தினார். அதில்தான் 'வைதேகி' என்ற நாவலைத் தொடராக எழுதினார். 1960ம் ஆண்டு காலமாகும்போது 115 நாவல்கள் எழுதியிருந்தார். இப்னு பதூதாவுக்கு ஒரு அறிஞர் எழுதிக் கொடுத்தார் என்றால், கோதைநாயகிக்கு ஒரு தோழி எழுதிக் கொடுத்தார். எழுத்து வராதென்றால் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க ஒரு மகளோ மருமகளோ இருப்பாள்.

'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி 1921ம் ஆண்டு பிறந்தவர். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பணக் கஷ்டம் வந்தது. 'ஆனந்த விகடன்' இதழில் கதைகள் எழுதி, அந்த வருமானத்தில் படித்து டொக்டரானார். காதலும் குடும்பமும் கலந்த அவருடைய நாவல்களை இலங்கையிலும் எங்கள் தாய்மார் தேடித்தேடி வாசித்தார்கள். 1984ம் ஆண்டில் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். தெல்லிப்பழையைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914ம் ஆண்டிலேயே 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை வெளியிட்டார். திருமண வாழ்வில் ஒரு பெண் படும் துன்பத்தைச் சொல்லும் கதை அது. இலங்கைத் தமிழில் நாவல் எழுதிய முதற் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி 1970களில் எழுதத் தொடங்கினார். அவருடைய 'சுமைகள்' நாவல் 1977ம் ஆண்டு வீரகேசரி வெளியீடாக வந்தது. பிறகு வன்னியில் யுத்தத்துக்கும் இடம்பெயர்வுகளுக்கும் நடுவில் விடாமல் எழுதினார். 2002ம் ஆண்டில் வந்த அவருடைய சிறுகதைத் தொகுதியின் பெயர் 'அழுவதற்கு நேரமில்லை'. அந்தத் தலைப்பைச் சொன்னதும் சகோதரி சிரித்தார். "அது எங்கட தலைப்பெல்லோ ரீச்சர்!" என்றார்.

ஒவ்வொரு படியிலும் ஒரு சந்தோஷம்

புத்தகம் என்பது ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. படிப்படியாகத்தான் வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு சந்தோஷம் உண்டு.

முதற் படி, கதையை இன்னொருவர் கேட்பது. அடுத்த மாதம் அந்தச் சகோதரி கொப்பியின் முதல் அத்தியாயத்தை வாசித்தார். தொடக்கத்தில் குரல் நடுங்கியது. கதையில் ஒரு விதவைப் பெண். அவள் வேலை செய்யும் தோட்டத்துக்குச் சைக்கிளில் வெங்காயக் கூடை ஏற்ற வரும் ஒரு மனிதன். அவன் அவளிடம் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. வாசித்து முடித்ததும் ஒரு வயதான தாய் கேட்டார். "பிறகு என்ன நடந்தது மகள்?" ஒரு கதாசிரியைக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா? சனம் என்ன சொல்லும் என்று பயந்திருந்தவரிடம், சனத்தில் ஒருத்தி மிச்சக் கதையைக் கேட்டாள்!

இரண்டாவது படி, வானொலி அல்லது பத்திரிகை. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சிக்கு எழுதி எழுதியே எழுத்தாளரான பெண்கள் பலர் இருக்கிறார்கள். டொமினிக் ஜீவா 1966ம் ஆண்டில் தொடங்கிய 'மல்லிகை', 2000ம் ஆண்டில் தொடங்கிய 'ஞானம்' போன்ற சஞ்சிகைகள் புதியவர்களுக்கு இடம் கொடுத்தன. நாவலை அப்படியே அனுப்பாமல், அதிலிருந்து ஒரு சிறுகதை எழுதி அனுப்பிப் பார்க்கலாம். அச்சில் தன் பெயரை முதன்முதல் பார்க்கும் அந்தக் காலை நேரத்தை எந்த எழுத்தாளரும் மறப்பதில்லை.

மூன்றாவது படி, நூல். கையெழுத்துப் பிரதியைச் செம்மையாகப் படியெடுத்து, போட்டோக் கொப்பி ஒன்றைக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். இடம்பெயர்வில் எத்தனையோ பேருடைய எழுத்துகள் ஒரே பிரதியாக இருந்ததால் அழிந்துபோயின. நூலுக்குரிய சர்வதேசத் தராதர எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. முதல் நூலைக்கூட வெளியிட வசதியில்லாதவர்களுக்காகவே 'புரவலர் புத்தகப் பூங்கா' போன்ற முயற்சிகளும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம் முக்கியம். 2003ம் ஆண்டின் 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கதை எழுதிய கணத்திலிருந்தே உங்களுக்குச் சொந்தம். எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 70 வருடங்களுக்கும் அந்த உரிமை நீடிக்கும்.

காணி உறுதி தொலைந்துபோனதால் கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைந்து களைத்த பெண்கள் நாங்கள். இதை வாசித்துக் காட்டியபோது ஒருவர் கேட்டார். "உறுதி இல்லாமலே எங்களுக்குச் சொந்தமா?" ஆமாம், உறுதி இல்லாமலே சொந்தம். வேலி தாண்டி வந்து எவரும் பிடிக்க முடியாத காணி அது.

பெயர் எங்கே எழுதப்படுகிறது?

1990க்குப் பிறகு எங்கள் பெயர்கள் எத்தனையோ இடங்களில் எழுதப்பட்டன. முகாம் பதிவில், நிவாரண அட்டையில், வீட்டுத் திட்டப் பட்டியலில், மீள்குடியேற்றப் படிவத்தில். எல்லாம் வேறு யாரோ எழுதியவை. பல தடவை எழுத்துப் பிழையோடு எழுதியவை. அங்கெல்லாம் நாங்கள் 'பயனாளிகள்'. புத்தக அட்டையில் பெயர் வரும்போது மட்டும் 'ஆசிரியர்' என்று வருகிறது.

சொந்தப் பெயரைப் போடப் பயம் என்றால் புனைபெயர் இருக்கிறது. திரிபுரசுந்தரி லக்ஷ்மியானது அப்படித்தான். நம் நாட்டில் ஊரின் பெயரை முன்னால் வைக்கும் அழகான வழக்கமும் உண்டு. இந்தக் கடற்கரையின் தெற்கே உள்ள உடப்புக் கிராமத்து எழுத்தாளர் தன்னை உடப்பூர் வீரசொக்கன் என்றே எழுதினார். முல்லைத்தீவு மண்ணைச் சேர்ந்த கவிஞர் முஸ்ரிபா தன்னை முல்லை முஸ்ரிபா என்கிறார்.

அந்தச் சகோதரி தன் கதையின் ஒன்பது அத்தியாயங்களை இதுவரை நல்ல எழுத்தில் படியெடுத்துவிட்டார். நூல் இன்னும் வரவில்லை. வருவதற்கு நாளாகலாம். முதற் பக்கத்தில் என்ன பெயர் போடுவதென்று அவர் நீண்ட நாள் யோசித்தார். போன மாதம் கொப்பியை என்னிடம் தந்தார். நீல மையால் எழுதப்பட்ட தலைப்புக்குக் கீழே அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. அதற்கு முன்னால், 1990ல் விட்டுவந்த அவருடைய ஊரின் பெயர்.

சகோதரிகளே, உங்களிடமும் ஒரு கதை இருக்கும். அது துயரக் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை. சந்தோஷமாக முடியும் கதையை எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. இன்றிரவு வேலைகள் முடிந்த பிறகு ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.