பனிமலை ஊரில் ஒரு வாரம்

பிரயாணம் எல்லோருக்கும் ஒரே விதமான ஆனந்தத்தைத் தருவதில்லை. விடுதியின் வாசலில் அறை கேட்டு நிற்கும்போது, "உங்களோடு வந்திருப்பவர் யார்?" என்ற சாதாரணமான கேள்விக்கு எந்தப் பொய்யைச் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் நிர்ப்பந்தம் யாருக்கு இல்லையோ, அவர்களுக்கு மலையும் கடலும் முழுமையாகக் காட்சி தருகின்றன, மற்றவர்களுக்கோ பாதி மனம் எப்போதும் காவல் நின்றுகொண்டிருக்கிறது. நானும் என் துணைவரும் சேர்ந்து வாழத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காலமும் சகோதரர்கள் என்றும், சிநேகிதர்கள் என்றும், ஒரே காரியாலயத்தில் வேலை பார்ப்பவர்கள் என்றும் சொல்லி, இரண்டு கட்டில் போட்ட அறைகளிலேயே ஊர் ஊராகத் தங்கி வந்தோம். ஒருமுறை ஒரு மலைவாசஸ்தலத்தில் அந்தப் பொய்யும் எடுபடாமல், "அறை இல்லை" என்ற பதிலைப் பெற்று, இரவு முழுவதும் பஸ் நிலையத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகையால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே சுமார் 7,900 அடி உயரத்தில் உள்ள ஆஸ்பென் என்னும் சிற்றூரின் விடுதி ஒன்றில், பதிவேட்டைப் பார்த்த பெண்மணி தலை நிமிர்ந்து, "ஒரு பெரிய கட்டில் உள்ள அறைதானே, உங்கள் இருவருக்கும்?" என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே சாவியை எடுத்துக் கொடுத்தபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய் என் நாவிலேயே கரைந்து போயிற்று.

ஆஸ்பென் வெள்ளிச் சுரங்கத்தால் பிறந்த ஊர். 1893-இல் வெள்ளியின் விலை வீழ்ந்தபோது அதன் செல்வமும் வீழ்ந்து, 1930 வாக்கில் எழுநூறு பேர் மட்டுமே மிஞ்சிய பாழூராகி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பனிச்சறுக்கு விளையாட்டினால் புத்துயிர் பெற்றது. 1889-இல் கட்டிய வீலர் ஆபரா ஹவுஸ் என்னும் நாடகசாலை, அந்தப் பூர்வ வைபவத்துக்குச் சாட்சியாகச் செங்கல்லும் கல்லுமாக இன்றும் நிற்கிறது. ஊரைச் சுற்றி நான்கு சறுக்கு மலைகள். இங்கே ஜனவரி மாதத்தில் நடக்கும் தன்பாலீர்ப்பாளர் பனிச்சறுக்கு வாரம் 1977 முதல் தொடர்ந்து வருவது. இவ்வகை விழாக்களுள் மூத்தது.

விருந்தாளிகளை வரவேற்பதில் இந்த ஊருக்கு உள்ள சகஜபாவம் வெறும் வியாபார உபசாரம் அன்று. அதே 1977-இல், பாலீர்ப்பின் காரணமாக வேலையிலோ வீடு வாடகைக்கு விடுவதிலோ பொது இடங்களிலோ ஒருவரிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்று ஆஸ்பென் நகரசபை விதி செய்தது. 1992-இல், இத்தகைய பாதுகாப்பை எந்த நகரமும் அளிக்கலாகாது என்று ஒரு திருத்தத்தைக் கொலராடோ வாக்காளர்கள் மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தபோது, டென்வர், போல்டர் ஆகிய நகரங்களோடு இந்தச் சிற்றூரும் நீதிமன்றத்தின் படியேறிற்று. 1996 மே 20-ஆம் தேதி, நீதிபதி ஆன்டனி கென்னடி எழுதிய தீர்ப்பின் மூலம், ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்துச் செய்தது. எங்களைப் போன்ற யாத்ரீகர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை இதிலிருந்தே பிறக்கிறது: விளம்பரத்தில் வானவில் கொடி பறக்கிறதா என்று பார்ப்பதைக் காட்டிலும், அந்த ஊர்ச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். புன்னகை மனிதருக்கு மனிதர் மாறும். சட்டம் எல்லா வாசலிலும் உங்களோடு கூட வரும்.

மற்ற யோசனைகள் தேக சௌக்கியத்தையும் பணப்பையையும் பற்றியவை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்; ஆகவே முதல் நாள் மலையேறாமல் ஓய்வெடுத்து, தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடித்து, மதுவைத் தவிர்ப்பது உத்தமம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தோலையும் சுடும் என்பதால், மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி அவசியம். விழா வாரத்து அறைகளுக்குப் பல மாதங்கள் முன்பே, இருவர் பெயரையும் கட்டில் விவரத்தையும் ஒளிவுமறைவின்றி எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பள்ளத்தாக்கின் கீழே க்ளென்வுட் ஸ்பிரிங்ஸில் தங்கிப் பஸ்ஸில் வந்து போகலாம். நகருக்குள் பஸ் இலவசம். புகைப்படம் எடுப்பதில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை தேவை. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர், தம் ஊரில் இந்த உண்மையை யாரிடமும் சொல்லாதவராக இருக்கலாம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது பட்டர்மில்க் மலை. பீட்சாத் துண்டைப் போல, ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரித்தால் வேகம் அடங்கும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். துணைவர் இரண்டாம் சரிவிலேயே விழுந்தார்; ஸ்கீ கழன்றுவிட்டது. பாதணியின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டி எடுக்காவிட்டால் ஸ்கீ மறுபடி பூட்டிக்கொள்ளாது. நான் பனியில் மண்டியிட்டு, அவருடைய பாதத்தை என் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சறுக்குக் கோலின் முனையால் சுரண்டினேன். அவர் தடுமாறாமலிருக்க என் தலைமேல் கையை ஊன்றி நின்றார். அந்தக் கை, பத்தொன்பது ஆண்டுகளில், பலர் பார்க்கும் வெளியில் என்மேல் அவ்வளவு நேரம் தங்கியது அதுவே முதல் தடவை. ஆசிரியையும் குழந்தைகளும் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'க்ளிக்' என்ற சத்தத்தோடு ஸ்கீ பூட்டிக்கொண்டது.

விழா வாரத்தின் வெள்ளிக்கிழமை நடந்த மாறுவேடப் போட்டியில், இறகும் ஜரிகையும் அணிந்தவர்கள் ஆஸ்பென் மலைச்சரிவில் சறுக்கி வந்த கோலாகலத்தை ஊராரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து கைகொட்டி ரசித்தார்கள். ஆயினும் ஊர் திரும்பும் வழியில் என் நெஞ்சில் நின்றது அந்தச் சிறிய 'க்ளிக்' சத்தம்தான்.

மலை நடுவே இருக்கும் விமான நிலையம் வானிலையை நம்பி இயங்குவது; ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்வது விவேகம். எங்கள் விமானம் ரத்தாயிற்று. இன்டிபென்டன்ஸ் கணவாய் குளிர்காலத்தில் மூடிக் கிடப்பதால், க்ளென்வுட் ஸ்பிரிங்ஸைச் சுற்றிக்கொண்டு நெடுநேரம் பிரயாணம் செய்து, இரவில் டென்வர் வந்து சேர்ந்தோம். அங்கே விடுதியில் இருந்த இளைஞர், எத்தனை கட்டில் வேண்டும் என்று கேட்டார். துணைவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். நான் எந்த ஒத்திகையும் பார்த்திருக்கவில்லை.

"ஒன்று போதும், இவர் என் துணைவர்" என்றேன்.