வாப்பாக்குக் குளிரவில்லையாம்



டிசம்பர் லீவுக்கு நுவரெலியாப் பக்கம் டென்ட் அடித்துத் தங்கப் போகிறோம், வாப்பா உம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று இரண்டு மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். ஏப்ரலில் நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அது இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் படம் எடுக்கிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை.

வாப்பாக்கு 69 வயது. சீனி வருத்தம், முழங்கால் நோவு. ஆயுசு முழுக்கக் கடற்கரை வெக்கையில் கிடந்த மனிசன். "ஒருக்கா கூடாரத்துக்குள்ள படுத்துப் பாக்கணும் மகன்" என்று அவர்தான் ஆசைப்பட்டார். கலாசாலையில் சாரணர் பாசறைப் பயிற்சி எடுத்தவன் என்ற தைரியம் எனக்கு. அந்தப் பாசறையில் படுத்தவர்கள் எல்லாரும் இளந்தாரிகள் என்பது நினைவுக்கு வரவில்லை.

போன டிசம்பரில் பிபிலை, பதுளை, வெலிமடை என்று 6000 அடிக்கு மேல் ஏறி, மஃரிபுக்கு முன் டென்ட் அடித்தோம். வாப்பாக்குக் கீழே ஒரு பன்பாய், மேலே மூன்று போர்வை. காற்று வராமல் டென்ட் ஜன்னலையெல்லாம் இறுக மூடினேன். மச்சான் பாபகியூ அடுப்புத் தணலை உள்ளே வைப்போம் என்றார். காபனோரொட்சைட்டு ஆளையே முடித்துவிடும் என்று தடுத்தேன். அன்றிரவு நான் செய்த ஒரே சரியான வேலை அதுதான்.

"குளிருதா வாப்பா?"

"ஒண்டுமில்ல, நீ படு மகன்."

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதே பதில்.

இரவு 2 மணி போல முழித்து அவர் கையைத் தொட்டால் ஐஸ். நடுக்கம் இல்லை. ஆனால் பேச்சுக் குழறியது. உடுப்பை மாற்றி, வேனில் ஏற்றி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயது போனால் உடம்பு சூடு உண்டாக்குவது குறைவு, குளிர் உறைப்பதும் பிந்தித்தான், நடுங்கவில்லை என்று நிம்மதியாக இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான்.

பிறகு யோசித்தால் எல்லாம் என் பிழை. குளிர் ஏறியது நிலத்திலிருந்து. மேலே எத்தனை போர்வை போட்டும் பயனில்லை. ஜன்னலை மூடியதால் எங்கள் மூச்சே டென்ட் சீலையில் தண்ணியாகப் படிந்து போர்வையை நனைத்திருக்கிறது. அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. அசருக்குப் பிறகு அவர் ஒரு மிடறு தண்ணிகூடக் குடிக்கவில்லையாம். ராவையில் எழும்பினால் பிள்ளைகளின் நித்திரை கெடுமாம். அந்த முழங்காலோடு நிலத்திலிருந்து எழும்ப என்னைத்தானே கூப்பிட வேண்டும்.

ஆகவே கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் நிலத்தில் படுக்க வைக்காதீர்கள். ஏப்ரலில் மடக்குக் கட்டில் கொண்டுபோனேன். வெறும் கட்டிலுக்கும் அடியால் குளிர் ஏறும், அதனால் மேலே தடித்த ரபர் மெத்தை. படுக்க முன் காய்ந்த உடுப்பு, மேசு, மங்கி கெப். ஜன்னல் கொஞ்சம் திறந்தபடி. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றிப் படுக்கையில் வைத்து, அவர் படுக்கும்போது எடுத்துவிட்டேன். சீனி உள்ளவர்களின் காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம், வெந்தாலும் சொல்லமாட்டார்கள். கட்டிலடியில் மூடி போட்ட வாளி, பிடித்து எழும்ப ஒரு கதிரை. வாளியைக் கண்டதும் வெட்கப்பட்டார். "டென்ட் உங்களுக்கு மட்டும்தான், நாங்க பக்கத்து டென்டில" என்றதும் இரவு பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

குளிருதா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இரண்டு தரம் போய்ச் சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.

சுபஹுக்கு வுழூ செய்ய ஃபிளாஸ்கில் இருந்த சுடுதண்ணியை விளாவி ஊற்றினேன். கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ரா வேர்த்துப் போச்சு மகன். அடுத்த தரம் ஒரு போர்வையக் குறை."

இவர் சொல்வதை நம்பலாமா? முதுகைத் தடவிப் பார்த்தேன். பெனியன் உண்மையாகவே ஈரம்.