விண்ணுக்குப் போன சலாம்



வானத்தைப் பார்க்காமல் எங்கள் வணக்கங்களில் பல நிறைவேறுவதில்லை. பிறை கண்டு நோன்பு பிடிக்கிறோம், பிறை கண்டு பெருநாள் எடுக்கிறோம். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர், செவ்வானம் மறைந்தால் இஷா. அல்குர்ஆனில் நட்சத்திரம், சந்திரன், சூரியன் ஆகியவற்றின் பெயர்களையே தாங்கிய சூராக்கள் இருக்கின்றன. ஆகவே விண்வெளி என்றதும், "அது படித்தவர்கள் பேசுகிற விஷயம், அடுப்படியில் நிற்கிற எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் வருகின்ற கேள்விகள் மூன்றும் அடுப்படியிலிருந்து வந்தவைதாம். கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய எனது உம்மா.

கட்டாரில் தொழில் பார்க்கும் என் ராத்தாவின் மகன் இம்முறை விடுமுறையில் வந்தபோது ஒரு வீ.ஆர். கண்ணாடி கொண்டு வந்தான். நீரில் மூழ்குபவர்கள் அணியும் கண்ணாடியைப் போல முகத்தில் மாட்டிக்கொள்வது. உள்ளே இரண்டு கண்களுக்கும் இரண்டு சிறு திரைகள். தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்புவதால், நாம் அந்த இடத்திலேயே நிற்பதாக மனம் நம்பிவிடுகிறது. கொழும்பில் 1965ஆம் ஆண்டு கட்டப்பட்ட கோள்மண்டலத்தின் குவிமாடத்தின் கீழ் அமர்ந்து செயற்கை வானத்தைப் பார்த்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அந்தக் குவிமாடத்தையே சுருக்கி முகத்தில் கட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் மிதந்து திரிவதைப் போன்ற ஒரு காட்சி அதில் இருந்தது. 'மிஷன் ஐ.எஸ்.எஸ்.' என்று பெயர். நாஸாவின் உதவியோடு செய்யப்பட்டு 2017இல் வெளியானது. வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மாறி மாறிப் பார்த்து முடிந்ததும், "உம்மம்மாவுக்கும் போட்டு விடுவம்" என்றான் மருமகன். கதிரையில் அமர்த்தி, முக்காட்டுக்கு மேலால் பட்டியைப் பூட்டினோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பேரனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உம்மா கேட்டார்:

"எங்கட ஊரு எங்க மகன்?"

முதற் கேள்வி இது. நிலையத்தின் அடிப்பக்கத்தில் ஏழு ஜன்னல்கள் உள்ள ஒரு சிறு கூடு இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் கீழே பூமி உருள்கிறது. நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. உலகை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணித்தியாலம். ஒரு நாளில் பதினாறு தடவை சூரியன் உதிக்கும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் தீவு முழுவதையும் அது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் மருதமுனை எங்கே, கல்முனை எங்கே, சாய்ந்தமருது எங்கே? நீலக் கடல், வெள்ளை நுரைக் கோடு, பச்சை நிலம். அவ்வளவுதான் தெரியும்.

இதைவிடத் தொலைவிலிருந்து எடுத்த படமும் உண்டு. 1990 பெப்ரவரி 14ஆம் திகதி வொயேஜர் 1 என்ற விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பூமியைப் படம் பிடித்தது. அதில் நம் பூமி ஒரு புள்ளி அளவுக்கும் போதாது. ஊர் எல்லைக்கும் சபை எல்லைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் நாங்கள் பட்ட மனஸ்தாபங்கள் எல்லாம் அந்தப் புள்ளிக்குள்தான் நடந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். படைத்தவனின் வல்லமையையும் எங்கள் சிறுமையையும் ஒருசேர விளங்க இதைவிடப் பாடம் வேண்டுமா?

"அப்ப கிப்லா எந்தப் பக்கம்?"

இது இரண்டாவது கேள்வி. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனெனில் இதே கேள்வியை மலேசிய நாட்டின் உலமாக்கள் கூடி ஆராய்ந்திருக்கிறார்கள். 2007 ஒக்டோபரில், ரமழான் மாதத்தில், ஷெய்க் முஸ்ஸபர் ஷுகூர் என்ற மலேசிய வைத்தியர் அதே விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அவருக்காக வகுத்த வழிகாட்டலில், இயன்றால் கஃபாவை முன்னோக்குவது, இயலாவிடில் கஃபாவுக்கு நேர் மேலுள்ள திசையை, அதுவும் இயலாவிடில் பூமியை, எதுவும் இயலாவிடில் இயன்ற பக்கத்தை முன்னோக்குவது என்று படிமுறையாகச் சொன்னார்கள். பதினாறு தடவை சூரியன் உதித்தாலும் தொழுகை ஐந்துதான். நேரம் புறப்பட்ட ஊரின் இருபத்து நான்கு மணித்தியாலத்தைக் கொண்டு கணிக்கப்படும். இயலாததை அல்லாஹ் எவர் மீதும் சுமத்துவதில்லை என்ற அடிப்படை விண்வெளியிலும் மாறவில்லை. அவருக்கு முன்பே, 1985 ஜூனில் சவூதி இளவரசர் சுல்தான் பின் ஸல்மான் டிஸ்கவரி ஓடத்தில் சென்று, விண்வெளி கண்ட முதல் முஸ்லிம் ஆனார்.

திசை தேடும் இந்தத் தேவைதான் எங்கள் முன்னோரை வானத்தைப் படிக்க வைத்த காரணங்களில் ஒன்று. அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூபி கி.பி. 964 அளவில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் 'சிறு மேகம்' என்று குறித்து வைத்தது, நம் அண்டத்துக்கு வெளியே உள்ள அன்ட்ரோமெடா என்ற பேரண்டம் என்பது பல நூற்றாண்டுகளின் பின்தான் தெரிய வந்தது. இன்று உலகம் அல்டெபரான் என்பது எங்கள் அத்-தபரான், அதாவது பின்தொடர்வது. ரைஜல் என்பது ரிஜ்ல், கால். டெனெப் என்பது தனப், வால். அலெப்போவில் ஸைபுத் தவ்லாவின் காலத்தில் அல்-இஜ்லிய்யா என்ற ஒரு பெண், வானத்தை அளக்கும் அஸ்துர்லாப் கருவிகளைச் செய்தவர் என்று இப்னுந் நதீம் எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால் அல்லவா ஆயிரம் ஆண்டு கழித்தும் அவரை அறிகிறோம்?

மூன்றாவது கேள்வி அதே இரவு இஷாவுக்குப் பின் வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மருமகன் தன் போனில் சில குரல்களை ஒலிக்கவிட்டான். அந்தக் குரல்களின் வரலாறு இதுதான்.

1977இல் ஒகஸ்ட் 20ஆம் திகதி வொயேஜர் 2, செப்டெம்பர் 5ஆம் திகதி வொயேஜர் 1 என இரண்டு விண்கலங்களை நாஸா ஏவியது. ஒவ்வொன்றிலும் பொன் முலாம் பூசிய ஒரு செப்பு இசைத்தட்டு. என்றோ ஒருநாள், எங்கோ எவரோ கண்டெடுத்தால், பூமியில் மனிதர் என்றொரு இனம் வாழ்ந்தது என அறியட்டும் என்பது எண்ணம். கார்ள் சேகன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு சிறு குழு அதைத் தொகுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஏறத்தாழ தொண்ணூறு நிமிட இசை, மழை, அலை, பறவை முதலிய ஓசைகள், ஒரு தாயும் அவளது குழந்தையும் எழுப்பும் ஒலி, இவற்றோடு 55 மொழிகளில் வாழ்த்து. வொயேஜர் 1 2012இல் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தது, வொயேஜர் 2 2018இல் கடந்தது. வொயேஜர் 1இலிருந்து ஒரு சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வந்தாலும் எங்களை அடைய 23 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. பூமியே அழிந்த பின்னும் அந்தத் தட்டு நிலைக்கக்கூடும் என்கிறார்கள்.

அரபு மொழியில் ஒருவர் நட்சத்திரங்களில் வாழும் நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லி, காலம் நம்மை ஒன்று சேர்க்காதா என்று ஏங்குகிறார். உர்தூ மொழிக்காரர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றே தொடங்குகிறார். எங்கள் சலாம் இன்று மனிதன் செய்த எந்தப் பொருளும் போகாத தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டபோது மெய்சிலிர்த்தது. சிங்களத்தில் "ஆயுபோவன்" என்ற குரலும் உண்டு. ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், வங்காளம் எல்லாம் உண்டு. பேச யாரும் இல்லாமல் போன சுமேரிய மொழியும் கூட உண்டு.

"தமிழ்ல ஒருத்தரும் பேசல்லையா?"

இல்லை. அந்த 55 மொழிகளில் தமிழ் இல்லை.

இதில் யாருடைய வஞ்சனையும் இருந்ததாக நான் எண்ணவில்லை. இருந்த நேரம் குறைவு. அமெரிக்காவின் கொர்னெல் பல்கலைக்கழகத்திலும் அதைச் சுற்றியும் கிடைத்தவர்களை அழைத்தே பெரும்பாலான குரல்களைப் பதிந்தார்கள். வந்து பேசியவரின் மொழி ஏறியது, வராதவரின் மொழி ஏறவில்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியாக இருந்தும் அந்த அறையில் அன்று அதற்கு வாயில்லை. பாரம்பரியம் என்று நாம் சொல்வது இப்படித்தான் உருவாகிறது. இருந்ததெல்லாம் பாரம்பரியமாவதில்லை. பதிந்து வைத்ததே பின்வருவோர் கையில் சேர்கிறது.

இதைச் சொல்லி முடித்ததும் உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "உங்கட வாப்பாட குரலும் அந்த பிஸ்கட் டின்னுக்குள்ளதான் இருந்திச்சி" என்றார்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு இது விளங்கும். என் வாப்பா எண்பதுகளின் கடைசியில் சவூதியில் இருந்தார். போன் இல்லாத காலம். கடிதம் எழுத நேரமில்லாதபோது கஸட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்து அனுப்புவார். எங்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சுகம் விசாரிப்பார். உம்மா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். வாப்பா 2001இல் மௌத்தானார். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் எத்தனை வீடுகள்! அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். உயிர் போன வீடுகளில் பொருளை யார் தேடுவார்? எங்கள் வீட்டில் உயிர்கள் மீந்தன, அல்ஹம்துலில்லாஹ். அந்த டின் மீளவில்லை. வீடு மீண்டும் கட்டினோம், தளபாடம் வாங்கினோம். அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவேதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தங்கத் தட்டில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று வருந்துவதால் பயனில்லை. உங்கள் வீட்டு மூத்தவர்களின் குரல் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் குரல் பதியக்கூடிய போன் இருக்கிறது. கலியாண வீட்டில் சாப்பாட்டு சஹனைப் படம் பிடிக்கிறோம். உம்மம்மா பேசுவதைப் பதிந்தவர்கள் எத்தனை பேர்?

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் என் மகள் உம்மாவிடம் கேட்டுப் பதிகிறாள். உம்மா இளமையில் தறியில் இருந்தவர். பாவு ஓட்டுவது, நூலுக்குச் சாயம் போடுவது, சாரனுக்குக் கரை பிடிப்பது பற்றியெல்லாம் சொல்கிறார். கடல் தொழிலுக்குப் போன தன் வாப்பா, விடிவெள்ளியையும் அறுமீன் கூட்டத்தையும் பார்த்து நேரமும் திசையும் கணித்ததைச் சொல்கிறார். தாலாட்டும் கவியும் சொல்கிறார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை ஊர் ஊராகத் தேடி நூலாக்கியிராவிட்டால் எவ்வளவோ அழிந்திருக்கும். அவர்கள் செய்த பணியில் ஒரு துளியை ஒவ்வொரு வீடும் செய்யலாம்.

முறை எளிது. மின்விசிறியை நிறுத்தி, அமைதியான அறையில் அமருங்கள். தொடக்கத்திலேயே பெயர், ஊர், திகதி சொல்லட்டும். "பழைய கதை சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் வராது. "உங்கட கலியாணத்தில என்ன சமைச்ச?" என்று ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். அரை மணித்தியாலம் போதும், களைப்பாக்க வேண்டாம். வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்வதை அமானிதமாகக் காத்துக்கொள்ளுங்கள். பதிந்ததற்குப் பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். கரையோரத்தில் வாழும் நாம் எதையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது.

அந்தக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் போடுவது கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கையையும் வெட்டிக்கொள்ளலாம். காண்பது நல்லதாக இருக்கட்டும், தொழுகை நேரத்தை அது விழுங்காதிருக்கட்டும். சிறு பிள்ளைகளிடம் நெடுநேரம் கொடுக்க வேண்டாம், தலை சுற்றும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் மகள் ஏதாவது கேள்வி கேட்டால், "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் படித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த நிகர் ஷாஜி என்ற எங்கள் தமிழ் பேசும் முஸ்லிம் சகோதரிதான், சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர். 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி புறப்பட்ட அந்தக் கலம், 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6ஆம் திகதி அடைந்தது. அவர் கேட்ட முதற் கேள்விக்கு வீட்டில் யாரோ பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நாளை மனிதரின் குரல்களை மீண்டும் ஒரு தட்டில் தொகுக்க நேர்ந்தால், அந்த அறையில் எங்கள் மொழியில் சலாம் சொல்ல எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருக்கட்டும். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவற்றை இன்றே மூத்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆயுளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.